மிஸ்ஸிங்

வடசென்னையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களிடம் ஒரு சொல் உண்டு. "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள். மழை அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்பதைப்போல மிஸ்ஸிங்கும் அடிக்கிறது. வானிலையைப் போல அதுவும் யாருடைய குற்றமுமின்றி வந்து கவிவது என்ற எண்ணம் இந்த வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. எஞ்சின் திக்கினால் யாராவது ஒருவர் அதற்குப் பொறுப்பாக்கப்படுவார். பெரும்பாலும் அவர் ஓட்டுநராக இருப்பார்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு பெட்ரோல் பிக்கப் வண்டி. எங்களில் ஒருவரின் மைத்துனர் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிச்செல்லும் அந்த வண்டியை ஓட்டுகிறார். வண்டி அவருடையது அல்ல. ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றால் உடல் முழுதும் நடுங்கும், இரண்டு முறை விக்கும், சில நாட்களில் அணைந்தும் போகும். பிளக் மாற்றினார்கள், பத்து நாள் நன்றாக இருந்தது. காயில் மாற்றினார்கள், ஒரு வாரம். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், மூன்று நாள். ஒவ்வொரு முறையும் செலவில் ஒரு பங்கு அவருடைய வாரக்கூலியில் கழிக்கப்பட்டது. "நீ ஓட்டுற லட்சணம்" என்பது முதலாளியின் தீர்ப்பு.

ஒரு நான்கடி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றபடி உறுமும் வண்டியில், ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 400 வெடிப்புகள். இவற்றுள் சில தவறினால் அதுவே மிஸ்ஸிங். வேகமாகச் சுழலும்போது முந்தைய வெடிப்புகளின் விசையே தவறியதை மூடி மறைத்துவிடும். நிற்கும்போது மறைக்க எதுவும் இல்லை. ஆகவே எஞ்சினின் நோய் ஐட்லிங்கில்தான் வெளிப்படுகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நிலமோ வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதற்கே பேர்போனது. இதற்குப் பிறகு வருவோம்.

இந்த நிலத்துக்கு எந்திரம் வந்த கதை நீராவியில் தொடங்குகிறது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. நீராவி எந்திரத்தில் மிஸ்ஸிங் கிடையாது; நெருப்பு உருளைக்கு வெளியே எரிகிறது. எண்ணெய் வந்த பிறகே உள்ளே எரியும் எஞ்சினும் அதன் திக்கலும் வந்தன. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்டு எரித்தது. நமக்கு அதில் மிஞ்சியது ஒரு வசைச்சொல், அல்லது பாராட்டுச்சொல்: 'அவன் சரியான எம்டன்.' ஆனால் அந்த இரவு சொல்வது வேறொன்றையும்: எரிபொருள் கடல்வழியே வந்து இறங்கும் கரையாக இவ்விடம் அப்போதே ஆகியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, கரியை எரித்து உண்டாக்கிய வாயுவில் பஸ்களும் லாரிகளும் ஓடின. கரி பஸ் ஏற்றத்தில் மூச்சுவாங்கியதையும் பயணிகள் இறங்கித் தள்ளியதையும் சென்ற தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்போம். எரிபொருள் மட்டமானால் எஞ்சின் திக்கும் என்பது பொதுமக்கள் முதுகைக்கொடுத்துக் கற்ற பாடம்.

விடுதலைக்குப் பிறகு எந்திரம் இங்கே பொருத்தப்படலாயிற்று. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தியது. 1950இல் பிரிட்டனின் லேலண்டுடன் ஒப்பந்தம். அடுத்த ஆண்டிலிருந்து காமெட் டீசல் சட்டகங்கள் எண்ணூரிலிருந்து வெளிவந்தன. 1955இல் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் பிறந்தது. ரெட்டிச்சில் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்குமேல் ஆகியும் புல்லட் இங்கே தொடர்ந்தது. பட்டினத்தார் அடங்கிய ஊரில் இப்படியொரு சாகாவரம்!

ஒருபுறம் டீசல், மறுபுறம் பெட்ரோல். சில கல் தொலைவுக்குள் இருவேறு எந்திர மரபுகள் அமைந்ததால், இவ்வட்டாரத்து மெக்கானிக்குகள் இருவகை மிஸ்ஸிங்கையும் கற்றார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே எரியும். அங்கே திக்கல் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது நாசில் கெட்டிருக்கும். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் சற்றே தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உயிரோடிருக்கிறது. எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அதுவே செத்த சிலிண்டர். உயிரோடிருப்பதை நிறுத்திப் பார்த்துச் செத்ததைக் கண்டுபிடிக்கும் இந்த முறையைவிட நேர்த்தியான தர்க்கத்தை நாங்கள் எந்த நூலிலும் வாசித்ததில்லை.

புல்லட்டின் கதை வேறு. பழைய புல்லட்டில் பொறியை உண்டாக்குவது பாயிண்ட் எனப்படும் இரு உலோக முனைகள். அவை திறக்கும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் முனைகள் சற்றே தீயும். தீய்ந்தால் பொறி தளரும், வண்டி திக்கும். கடற்கரை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்து உப்புத்தாள். உப்புக்காற்றால் வந்த நோய்க்கு உப்புத்தாளே மருந்து என்பது தமிழின் குறும்பு. தாளில் உப்பு ஏதும் இல்லை என்பது வேறு விஷயம். ஒருமுறை தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, கார்பரேட்டரின் திருகைக் கால் சுற்று திருப்பினால் அந்தத் தாளம் திரும்பிவிடும். புல்லட் பித்தர்கள் அத்தாளத்தை மேலும் மேலும் மெதுவாக்கிக் கேட்டு மகிழ்வார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் எண்ணெய் பம்ப் போதிய எண்ணெயை மேலே அனுப்பாது என்று விவரமறிந்த மெக்கானிக் திட்டுவார். இரசிகர்களும் தொழிலறிந்தவர்களும் ஒத்துப்போகாத இடங்களில் இதுவும் ஒன்று.

1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக அமைத்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அது. எரிபொருள் இறங்கும் கரை, எரிபொருள் வடிக்கும் ஊராகவும் ஆனது. ஆனால் ஆலையில் வடித்தது எல்லாம் அப்படியே வண்டிக்குள் போய்ச்சேர்ந்ததா என்றால் இல்லை. மானிய விலை மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை வேறுபாடு நாடெங்கும் ஒரு கலப்படத் தொழிலையே வளர்த்தது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் முழுதாக எரியாது. பிளக்கில் கரி படியும். கரி வழியே மின்சாரம் ஒழுகி, பொறி தவறும். 1990களில் ஆட்டோ ஓட்டியவர்கள் பிளக் கழற்றும் ஸ்பேனரைச் சட்டைப்பை சீப்பைப்போல வைத்திருந்தார்கள். அது வண்டியின் குறையா, ஓட்டுநரின் குறையா?

இந்தக் கலப்படத்தை எதிர்த்ததன் விலை என்ன என்பதற்குக் கோலார் தங்கவயலில் வளர்ந்த ஒருவரைச் சொல்லலாம். எஸ். மஞ்சுநாத், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எண்ணெய் விற்ற பங்க்குக்கு முத்திரை வைத்தவர், 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அதற்கு அடுத்த ஆண்டு, மண்ணெண்ணெயில் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப்பொருள் சேர்க்கும் திட்டம் நாடெங்கும் வந்தது. சில ஆண்டுகளிலேயே கைவிடவும் பட்டது. நடுச்சாலையில் திக்கி நிற்கும் ஒரு வண்டிக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

இனி, நிற்பதைப் பற்றி. துறைமுக வாயிலை நோக்கிக் கன்டெய்னர் டிரெய்லர்கள் திருவொற்றியூரிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டி நின்ற காலம் நீண்டது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் இழுத்தடிக்கப்பட்ட ஆண்டுகளில் ஓட்டுநர்கள் இரவு பகலாக இருக்கையிலேயே உண்டு உறங்கினார்கள். பத்தடி நகர்வது, பிறகு நிற்பது. இப்படி ஓடாமல் உறுமும் எஞ்சின் போதிய சூடேறுவதில்லை. டீசல் நாசிலின் நுனியில் புகைக்கரி படிகிறது. பெட்ரோல் பிளக்கோ சுமார் 450 டிகிரி செல்சியசைத் தொட்டால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நின்றுகொண்டே இருந்தால் அந்தச் சூட்டை எட்டாது. ஆக, வரிசையே மிஸ்ஸிங்கை உண்டாக்குகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் அதே வண்டிக்கு இந்நோய் வருவதில்லை. வரிசையில் நின்ற ஓட்டுநரிடம் பிளக் காசைக் கேட்பது, மழைக்காகக் குடைக்காரரைத் தண்டிப்பது போன்றது.

2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயரிட்டார்கள். 2011இல் ஒசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த். மீன்பாடி வண்டிகளின் வேலையில் பெரும்பகுதியை இவை எடுத்துக்கொண்டன. பாயிண்ட் போய் மின்னணு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் புதுப் புல்லட்டிலும் கார்பரேட்டர் இல்லை. மிஸ்ஸிங்கை இப்போது எந்திரமே எழுதிக்கொள்கிறது: சுழலும் தண்டின் வேகம் ஒரு கணம் தளர்ந்தால் சென்சார் அறிகிறது, கணினி ஓர் எண்ணைப் பதிகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் 'எங்கோ'.

எங்கள் மைத்துனரின் வண்டி காட்டியது பி0300.

இவ்வளவு வரலாறு தெரிந்த நாங்கள் உடனே எரிபொருளைச் சந்தேகித்தோம். 2025இல் நாடெங்கும் பரவிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இருக்கிறதே. எத்தனால் ஈரத்தை இழுக்கும், இது கடற்கரை, முடிந்தது வழக்கு என்று நினைத்தோம். கேனில் பிடித்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்துப் பார்த்தோம். நீர் பிரியவில்லை. எங்கள் ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

திருவொற்றியூர்ச் சந்தொன்றில் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் வண்டி கடைசியாகப் போனது. அவர் பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்கேனரும் கேட்கவில்லை.

"இன்னா லோடுப்பா ஏத்துற?"

"மீனுண்ணா."

"ஐஸோடவா?"

"ஆமாண்ணா."

அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகிய உப்புநீர் தினமும் தளத்தின் இடுக்குகள் வழியே கீழே வடிந்துகொண்டிருந்திருக்கிறது. அது விழுந்த இடத்தில்தான் எர்த் ஒயர் சட்டகத்தோடு முடுக்கப்பட்டிருந்தது. போல்ட் துருவேறி, ஒயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வண்டி நின்று நடுங்கும்போதெல்லாம் அந்த இணைப்பு விட்டுவிட்டுத் தொட்டது. காயில்களுக்கும் கணினிக்கும் மின்சாரம் ஒரு கணம் தள்ளாடியது. பட்டறைகளில் மாற்றிய பிளக்கிலும் காயிலிலும் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எதையோ கழற்றி மாட்டியதில் ஒயர் சற்று அசைந்து, சில நாட்கள் ஒழுங்காகத் தொட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

அவர் உப்புத்தாள் கேட்டார். பையன் எடுத்துக்கொடுத்தான். முனையைப் பளபளப்பாகத் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வண்டியைக் கிளப்பி நிற்கவிட்டு, கையை இன்னும் துடைக்காமலேயே சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீன் பெட்டிக்கு அடியில் இப்போது கனமான ஒரு தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். நீர் பின்பக்கமாக வடிகிறது. கூலியில் பிடிப்பதை முதலாளி நிறுத்திவிட்டார். முன்பு பிடித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, மைத்துனரும் கேட்கவில்லை.