மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

வரலாறு என்றதும் அரசரும் போரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. நெடுங்காலம் மக்களுக்கு உழைத்த எந்திரங்களுக்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் என்னும் சிறு கார்களின் கதை அத்தகையது.

இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. ஏ-40 1947ஆம் ஆண்டிலும், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற சிக்கனமும் எளிய அமைப்பும் அவற்றின் சிறப்புகள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்தியது. புதியன வாராமையால் பழையனவற்றைப் பேணுதல் கட்டாயமாயிற்று.

குறைகள் அவற்றுக்கும் இருந்தன. மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் புரிமூட்டுகளுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடல் வேண்டும். இடாவிடின் புரி தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். உடலின் அடித்தகடுகள் துருப்பிடிக்கும். மின்சாரப் பெற்றோல் பம்பின் தொடுமுனைகள் கருகினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். பம்பை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். இக்குறைகள் யாவும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. ஊர்க் கராஜிலேயே அவற்றைத் திருத்திவிடலாம்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது இப்பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அஃது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவர். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மிகுந்த அமுக்கமுள்ள எஞ்சினில் மண்ணெண்ணெய் அளவுமீறித் தட்டும். இவற்றின் அமுக்க விகிதமோ ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவினது. ஆகவே ஓரளவு தாங்கிக்கொண்டது.

அதற்கும் விலை கொடுக்க நேர்ந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். பின்னால் புகை எழும். எண்ணெயை அடிக்கடி மாற்றியும் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துமே ஓட்டுநர் காலங்கடத்தினர். அந்நாளில் ஆசிரியனாயிருந்த நான், நோயாளரும் பேறுகாலத் தாய்மாரும் இக்கார்களில் மருத்துவமனை சென்றதைக் கண்டிருக்கிறேன். வண்டி நில்லாமற் போய்ச் சேருவது ஓர் உயிரின் வழக்காக இருந்தது.

வண்டி வாங்குவோர், "இது எத்தனை ஆண்டு பழுதின்றி ஓடும்?" என்று கேட்பர், தக்க கேள்விதான். "பழுதுற்றால் நம் ஊரார் கையால் திருத்த இயலுமா?" என்றும் உடன் கேட்டல் வேண்டும். சாலைகள் அடைபட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தாருக்குக் கைகொடுத்தது இரண்டாம் கேள்விக்குரிய விடையே.