கடலடியில் படித்த வரலாறு

துருக்கியின் தென்மேற்கு மூலையில், ஈஜியன் கடலோரம் அமைந்த அழகிய நகரம் போட்ரம். பண்டைக் காலத்தில் இதன் பெயர் ஹாலிகார்னாசஸ். வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரடோட்டஸ் பிறந்த ஊர் இது. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான மாசோலஸ் என்னும் ஆட்சியாளரின் கல்லறை மாளிகையும் இங்குதான் இருந்தது. கோடை விடுமுறையில் மூன்று நாட்கள் இந்நகரில் தனியே சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கல்லறை மாளிகை நின்ற இடத்தில் இன்று ஒரு பள்ளமும் சில தூண் துண்டுகளுமே உள்ளன. மற்றக் கற்கள் எங்கே போயின? துறைமுகத்தருகே உள்ள கோட்டையில் விடை கிடைக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் புனித ஜான் சங்கத்து வீரர்கள் கட்டத் தொடங்கிய அக்கோட்டையின் சுவர்களில் அக்கற்களைக் காணலாம். கோட்டை இப்போது கடலடித் தொல்பொருள் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்த நான், இரண்டு நாட்களை அங்கேயே கழித்தேன்.

பஞ்சு எடுத்தோர் சொன்ன செய்தி

போட்ரம் மக்களின் பழைய தொழில்களுள் ஒன்று, கடற்பாறைகளில் வளரும் கடற்பஞ்சை மூழ்கி எடுத்து விற்பது. 1958-இல் இங்கு வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் பீட்டர் திராக்மார்ட்டனிடம், கெமால் அராஸ் என்ற படகுத் தலைவர், கெலிடோனியா முனையருகே கடலடியில் உலோகக் குவியல் கிடப்பதாகக் கூறினார். அதை வெடிவைத்துப் பெயர்த்துப் பழைய உலோகமாக விற்கவும் எண்ணியிருந்தார். அக்குவியல் 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பலொன்றின் சரக்கு! 1960-இல் ஜார்ஜ் பாஸ் என்ற இளம் ஆய்வாளர், நீச்சல் குளத்தில் மூழ்கப் பழகிக்கொண்டு வந்து, தாமே கடலடியில் இறங்கி அதை ஆராய்ந்தார். கடலடித் தொல்லியல் முறையான அறிவியலாக வளர இம்முயற்சியே வழிகோலியது.

1982-இல் மெஹ்மெத் சாக்கிர் என்ற மூழ்காளர், காஷ் நகருக்கு அருகிலுள்ள உலுபுருன் முனையில் "காதுகள் உள்ள உலோக பிஸ்கட்டுகள்" கிடப்பதைக் கண்டு சொன்னார். பாஸ் குழுவினருக்கு அவை எவையென உடனே விளங்கிற்று. நான்கு மூலைகளும் நீண்ட, பண்டைய செப்புப் பாளங்களே அவை.

இரத்தத்தில் எழும் நுரை

அக்கப்பல் கிடந்தது 44 மீட்டருக்கும் கீழே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலேயுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால், 50 மீட்டர் ஆழத்தில் 6 வளிமண்டல அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் மிகுதியாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் என்ன ஆகும்? சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோல் உடலினுள் குமிழிகள் எழும். மூட்டுகளில் தாங்கொணா வலி, வாதம், சில வேளை மரணமும் நேரும்.

கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கியவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலிருந்து குழாய் வழியே காற்று பெறும் மூழ்கு உடை ஈஜியன் கடலுக்கு வந்தது. ஆழத்தில் நெடுநேரம் இருக்க முடிந்தது. ஈஜியன் கரையூர்களில் முடமானோரும் இறந்தோரும் பெருகினர். 1878-இல் பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்நோயின் காரணத்தை விளக்கினார். 1908-இல் ஹால்டேன் என்பார், ஆடுகளைக் கொண்டு சோதனை செய்து, படிப்படியாக நின்று மேலேறும் கால அட்டவணையை வகுத்தளித்தார். ஆனால், அட்டவணை அச்சானதால் மட்டும் அது மூழ்காளர் கைக்கு வந்துவிடுமா? அதன் பின்னும் பலர் அதை அறியாமலே மூழ்கினர்.

20 நிமிட வகுப்பு

உலுபுருனில் 1984 முதல் 1994 வரை ஆய்வு நடந்தது. ஒருவர் ஒரு முறைக்கு ஏறத்தாழ 20 நிமிடமே கீழே இருக்கலாம்; நாளுக்கு இரு முறைதான். மேலேறும் வழியில் நிறுத்தங்களில் காத்திருக்க வேண்டும். இவ்வாறு 22,413 முறை மூழ்கினர்!

கிடைத்தவை யாவை? 10 டன் செம்பு. ஒரு டன் வெள்ளீயம். பத்துக்கு ஒன்று என்பது வெண்கலம் வார்க்க ஏற்ற விகிதமே. நீலக் கண்ணாடிக் கட்டிகள், எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை ஆகியவையும் கிடைத்தன. கப்பலின் காலம் கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதி. ஈய ஐசோடோப்பு ஆய்வு, செம்பு சைப்ரஸ் தீவினது எனக் காட்டிற்று. வெள்ளீயத்தில் ஒரு பகுதி மத்திய ஆசியாவிலிருந்து வந்தது என 2022-இல் ஓர் ஆய்வு கூறிற்று. எழுத்தேடு எதுவும் சொல்லாத வணிகப் பாதையை உலோகம் சொல்லிவிட்டது.

1986-இல் மத்தியதரைக் கடலின் கடற்பஞ்சுகளை ஒரு நோய் தாக்கியது. செயற்கைப் பஞ்சும் சந்தையைப் பிடித்தது. பழைய தொழில் நலிந்தது. இன்று துறைமுகம் நிறையச் சுற்றுலாப் படகுகள். கடைசி மாலை அப்படகுகளைப் பார்த்தவாறு நின்றேன். அழுத்த விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் ஆசிரியன் நான். அந்த விதியின் பெயரறியாமல் அதற்கு உடலையே விலையாகக் கொடுத்தவர்கள் இவ்வூரார். கடலடியில் வரலாறு கிடக்கும் இடத்தைக் காட்டியவர்களும் அவர்களே. வகுப்பில் இனி அந்த விதியை எழுதும்போது அவர்களையும் சேர்த்தே சொல்வேன்.