ஹைபிரிட் காரின் சேமிப்பை லிட்டரில் அளத்தல்

ஹைபிரிட் கார் வாங்கினால் கட்டுபடியாகுமா என்ற விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் மைலேஜை வைத்தே நடக்கிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் அந்த எண்ணிக்கை சேமிப்பைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மாருதி கிராண்ட் விட்டாராவின் மைல்டு ஹைபிரிட் (மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டும் செய்யும்) மேனுவல் வண்டிக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 21.11, ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு (மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடியது) 27.97. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் பெட்ரோல் வண்டி 16.13, ஹைபிரிட் 23.24. இரண்டு ஜோடியிலும் வித்தியாசம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான். ஆனால் 100 கிலோமீட்டர் ஓட எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்று பார்த்தால், விட்டாராவில் 4.74 லிட்டர் 3.58 ஆகக் குறைகிறது; ஹைகிராஸில் 6.20 லிட்டர் 4.30 ஆகக் குறைகிறது. முதல் வண்டியில் மிச்சம் 1.16 லிட்டர், இரண்டாவதில் 1.90. எரிபொருளை அதிகம் குடிக்கும் கனமான வண்டியில்தான் ஹைபிரிட் அமைப்பு அதிகம் மிச்சப்படுத்துகிறது. ஏற்கெனவே சிக்கனமான சிறிய காரில் மைலேஜ் எண் எவ்வளவு உயர்ந்தாலும் பெட்ரோல் பங்க்கில் கொடுக்கும் பணம் அவ்வளவாகக் குறையாது.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் அது எல்லாச் சாலையிலும் ஒரே அளவில் கிடைக்காததன் காரணம் விளங்கும். சாதாரண கார் பிரேக் பிடிக்கும்போது அதன் இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகி வீணாகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்த்தது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணைத்தது. உறிஞ்சு வால்வைத் தாமதமாக மூடி எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்கும் அட்கின்சன் முறையையும் கையாண்டது. அந்த முறையால் தொடக்க வேகத்தில் ஏற்படும் பலக்குறைவை மோட்டார் ஈடுகட்டியது. இவற்றுள் முதல் இரண்டும் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் பயன்படும். அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் 2024ஆம் ஆண்டின் டொயோட்டா ஆர்ஏவி4 இதற்குத் தெளிவான சான்று. பெட்ரோல் வண்டி கேலனுக்கு நகரத்தில் 27 மைல், நெடுஞ்சாலையில் 35 மைல்; ஹைபிரிட் முறையே 41, 38. நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு நகரத்தில் சுமார் 3 லிட்டர் மிச்சம். நெடுஞ்சாலையில் அரை லிட்டர்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு ஹைபிரிட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்றே சொல்வேன்.

சான்றிதழ் எண்கள் சாலையில் கிடைப்பதில்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது ஹைபிரிட்டுக்கு எதிரான வாதமாகாது. ஹைகிராஸின் இரண்டு வண்டிகளும் சான்றளித்த மைலேஜில் முக்கால் பங்குதான் தருகின்றன என்று வைத்துக்கொண்டால், லிட்டர் கணக்கில் மிச்சம் 1.90இலிருந்து 2.53 ஆக உயர்கிறது. விலையைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. சான்றளித்த எண்களையே எடுத்துக்கொண்டு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஹைபிரிட்டுக்கான கூடுதல் விலை 4 லட்சம் என்று கொண்டால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு 19,000 ரூபாய் மிச்சமாகும். போட்ட பணம் திரும்ப 21 ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கோ 1,14,000 ரூபாய் மிச்சம். மூன்றரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். ஒரே வண்டி, ஒரே விலை. ஓட்டும் தூரம் முடிவைத் தலைகீழாக்குகிறது.

பேட்டரி பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி டாக்ஸிக்காரரைத்தான் அதிகம் உறுத்தும். டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. டாக்ஸி மூன்று ஆண்டுக்குள் அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். ஆனால் அதற்குள் 3,040 லிட்டர், அதாவது 3 லட்சம் ரூபாய்க்கு மேல் பெட்ரோல் மிச்சமாகியிருக்கும். கூடுதல் விலையில் முக்கால் பங்கு கைக்கு வந்த பிறகே பேட்டரியின் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுகிறது. ஓட்டும் தூரத்தைப் பொறுத்த இந்த வேறுபாட்டை அரசுச் சலுகை கணக்கில் கொள்ளவில்லை. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கப்படும் சொந்தக் காருக்கும் அச்சலுகை கிடைத்தது. பொதுப்பணத்தால் மிச்சமாகும் லிட்டர்களைக் கூட்ட வேண்டுமானால், அதே தொகையை நகரத்துக்குள் நாள் முழுதும் ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு, அதிலும் பெரிய வண்டிகளுக்கு, முதலில் கொடுப்பதே முறை.