பல் உலோகங்களும் கைபேசிக் கதிர்வீச்சும்

பல்லில் அடைத்த உலோகம், கேப் எனப்படும் பல்லுறை, கிளிப் எனப்படும் சீரமைப்புக் கம்பி ஆகியவை, கைபேசியின் ரேடியோ அலைகளைத் தலை உட்கவரும் அளவை மாற்றுமா என்பது பல் மருத்துவமும் இயற்பியலும் சந்திக்கும் ஒரு வினா ஆகும்.

வாய்க்குள் உலோகம்

கைபேசிக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே உலோகம் வாய்க்குள் புகுந்துவிட்டது. 1820-களில் பாரிசில் வெள்ளியையும் பாதரசத்தையும் குழைத்த இரசக்கலவை பற்குழிகளை அடைக்கப் பயன்பட்டது. 1833-இல் அது அமெரிக்காவை அடைந்தது. 1840-இல் அங்கு உருவான பல் அறுவை மருத்துவர் சங்கம், பாதரசத்துக்கு அஞ்சி, உறுப்பினர்கள் இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என உறுதியளிக்க வேண்டும் என்றது. இப்பூசலால் பிளவுபட்ட சங்கம் 1856-இல் கலைந்தது. 1895-இல் ஜி. வி. பிளாக் கலவையின் விகிதத்தைச் சீராக்கினார்.

உலோகமில்லாத மாதிரித் தலை

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கில் மார்ட்டின் கூப்பர் முதல் கையடக்கக் கைபேசியில் பேசினார். ஒரு கிலோகிராம் திசு எத்தனை வாட் திறனை உட்கவர்கிறது என்பதைக் குறிக்கும் அளவு எஸ்.ஏ.ஆர். ஆகும். 1996-இல் அமெரிக்கா இதற்கு 1 கிராம் திசுவின் சராசரியாக 1.6 வாட் என வரம்பு விதித்தது. 1998-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டல் 10 கிராம் சராசரியாக 2 வாட் என்றது. இந்தியா 2012 செப்டம்பர் முதல் 1.6 வாட் வரம்பைப் பின்பற்றுகிறது.

இவ்வரம்பைச் சோதிக்க 'சாம்' என்னும் மாதிரித் தலை பயன்படுகிறது. 1988-ஆம் ஆண்டின் அமெரிக்கப் படைவீரர் உடலளவுகளைக் கொண்டு உருவான இக்கூட்டினுள், திசுவின் மின்பண்புகளை ஒத்த திரவம் நிரப்பப்படும். அதில் எலும்பு, பல், உலோகம் எதுவும் இல்லை. ஆகவே பெட்டியில் அச்சிடப்படும் எண், பல்லில் உலோகம் உள்ளவரை அளந்து பெற்றதன்று.

உலோகம் செய்வது என்ன?

உலோகம் தானே அதிக ஆற்றலை உட்கவர்வதில்லை. நற்கடத்தியாதலால் சுற்றியுள்ள மின்புலத்தைத் திருப்பி, தன் விளிம்புகளிலும் முனைகளிலும் செறியச் செய்கிறது. நீளம் அரை அலைநீளத்தை நெருங்கும்போது இவ்விளைவு மிகும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 33 செ.மீ.; நீர் மிகுந்த திசுவில் சுமார் 5 செ.மீ. எனவே சில மில்லிமீட்டர் அடைப்பைவிட, பல்வரிசை நெடுகச் செல்லும் கம்பி கூடுதல் கவனத்துக்குரியது. 1800 மெகாஹெர்ட்ஸில் திசுவினுள் அரை அலைநீளம் 1.3 செ.மீ. அளவுக்குக் குறைவதால், ஒரு பல்லுறையும் அந்த எல்லையை நெருங்கும்.

செறிவு மிகச் சிறிய இடத்தில் மட்டும் நிகழ்கிறது. 1 கிராம் திசு என்பது ஏறக்குறைய 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம், அதன் சராசரியில் கூர்மையான உச்சங்கள் கரைந்துவிடும். உமிழ்நீரும் இரத்த ஓட்டமும் வெப்பத்தை அகற்றும். எனினும், பழைய கைபேசிகளில் மேலே நீட்டியிருந்த ஆண்டெனா, இன்றைய பல கைபேசிகளில் கீழ்ப்புறம் இறங்கித் தாடைக்கு அருகில் வந்துள்ளது.

நடைமுறை

கைபேசிக்கு அஞ்சி நல்ல நிலையிலுள்ள அடைப்பைப் பெயர்த்தெடுப்பது தவறு. அகற்றும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும். ஐயமுள்ளவர் ஒலிபெருக்கியையோ கம்பியுள்ள காதணியையோ பயன்படுத்தலாம். தூரம் கூடக் கூட உட்கவர்தல் விரைவாகக் குறைகிறது. பல கைபேசிகளில் *#07# என அழுத்தினால் அதன் எஸ்.ஏ.ஆர். அளவைக் காணலாம்.