கெப்லர் விண்தொலைநோக்கியின் தரவு மேலாண்மை

கெப்லர் விண்தொலைநோக்கி, புறக்கோள்களைத் தேடுவதற்காக அமெரிக்காவின் நாசா 2009 மார்ச்சில் ஏவிய விண்கலமாகும். கோள் ஒன்று தன் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கும்போது ஒளி சற்றே மங்குவதை இது அளந்தது. புவி அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால், ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை.

கெப்லரின் ஒளிப்படக்கருவியில் சுமார் 9.5 கோடி பிக்சல்கள் இருந்தன. அது சூரியனைச் சுற்றியபடி ஆண்டுதோறும் புவியைவிட்டு விலகிச் சென்றதால், எல்லாவற்றையும் சேமித்து அனுப்ப வழியில்லை. எனவே ஏவுவதற்கு முன்பே தரையிலிருந்து விண்மீன்களை ஆராய்ந்து ஒரு பட்டியல் தயாரித்தனர். அதிலிருந்து சுமார் 1,50,000 விண்மீன்கள் தேர்வாயின. அவற்றைச் சுற்றியுள்ள பிக்சல்கள் மட்டுமே, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு, சேமிக்கப்பட்டன. ஆறு வினாடிப் படங்கள் 270 கூட்டப்பட்டு அரைமணிக்கு ஒரு பதிவாயின. மீதி விண்கலத்திலேயே அழிந்தது. தேர்வாகாத விண்மீனுக்குப் பின்னாளில் மனம் மாறினாலும் பயனில்லை. திட்டத்தின் மிகக் கடினமான முடிவு இதுவே எனலாம்.

தரவை அனுப்ப, மாதம் ஒருமுறை கலம் முழுவதும் புவியை நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அப்போது கலத்தின் வெப்பநிலை மாறும். அதனால் விண்மீன்களின் ஒளியே மாறியதுபோலத் தோன்றும். இப்பொய்த் தோற்றங்களை நீக்கும் மென்பொருளை நாசா ஏம்சு ஆய்வு மையத்தில் ஜான் ஜென்கின்ஸ் தலைமையிலான குழு உருவாக்கியது. மென்பொருள் மேம்பட மேம்பட, பழைய தரவும் தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் கணிக்கப்பட்டது. பால்ட்டிமோரிலுள்ள காப்பகத்தில் அது சேமிக்கப்பட்டது.

2010 சூனில் முதல் 43 நாள் தரவு வெளியானபோது, 400 விண்மீன்களின் தரவை மட்டும் 2011 பிப்ரவரி வரை குழுவினர் நிறுத்திவைத்தனர். மக்கள் பணத்தில் கிடைத்ததை மறைக்கலாமா என்று வானியலாளர் சிலர் கேட்டனர். தரைத் தொலைநோக்கிகளால் சரிபார்க்காமல் அறிவித்தால் போலிக் கோள்கள் மலியும் என்றது குழு. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. காலப்போக்கில் தரவு முழுவதும் எவரும் பெறத்தக்கதாயிற்று.

திசையை நிலைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் 2013 மே மாதம் பழுதானதோடு முதன்மைப் பணி நின்றது. 2018 அக்டோபரில், எரிபொருள் தீர்ந்தபின் கெப்லருக்கு ஓய்வளிக்கப்பட்டது. இதற்கிடையே 2017-இல் கிறிஸ்டோபர் சாலு, ஆண்ட்ரூ வேண்டர்பர்க் இருவரும் கோள்கள் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த 670 விண்மீன்களின் பழைய தரவை இயந்திரக் கற்றல் முறையில் துழாவினர். வலுக்குறைந்தது என முன்பு விடப்பட்டிருந்த ஒரு குறிப்பிலிருந்து, கெப்லர்-90 விண்மீனின் எட்டாவது கோள் வெளிப்பட்டது.