வலமிருந்து இடம்: கர்சரின் தடுமாற்றமும் ஓதும் ஒழுங்கும்



தமிழ்ப் பாடக்குறிப்பின் நடுவே ஓர் ஆயத்தைத் தட்டச்சு செய்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். வலப்புற அம்பு விசையை அழுத்திக்கொண்டே சென்றால், பல மென்பொருள்களில், அரபு வந்ததும் கர்சர் அதன் வலக்கோடிக்குத் தாவி இடப்பக்கமாக நடக்கத் தொடங்கும். ஆயத்தை முடித்து அதன் எண்ணைத் தட்டினால், எண் ஆயத்தின் இடப்புறம் போய் அமரும். கணினி பழுதென்று நாமும் எண்ணியதுண்டு. அது பழுதன்று, அதற்கொரு வரலாறு உண்டு.

நம் முன்னோர் அரபுத்தமிழில் தமிழ்ச் சொற்களையே அரபு எழுத்தில் எழுதினார்கள். ஆகவே இரு மொழியும் ஒரே திசையில் ஓடின. தமிழெழுத்தும் அரபெழுத்தும் ஒரே வரியில் கலந்தபோது, அச்சுக்கோப்பவரின் கையும் கண்ணும் ஒழுங்கைக் காத்தன. கணினிக்கோ விதி வகுக்க வேண்டியிருந்தது.

ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஜோசப் பெக்கர் 1984இல் பன்மொழிச் சொற்செயலாக்கம் பற்றியும், 1987இல் அரபுச் சொற்செயலாக்கம் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். அவர் பங்காற்றிய யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது: நினைவகத்தில் எழுத்துகள் ஓதும் வரிசையிலேயே இருக்கும், வலமா இடமா என்பதைத் திரையில் காட்டும்போது மென்பொருள் தீர்மானிக்கும். எனவே நினைவகத்தின் ஓரிடம், இரு எழுத்துகளும் சந்திக்கும் எல்லையில், திரையில் ஈரிடமாகத் தோன்றும். கர்சரின் தாவலுக்குக் காரணம் இதுவே. எண்கள் அரபிலும் இடமிருந்து வலமாகவே எழுதப்படுவதால் சிக்கல் மேலும் கூடுகிறது. கலந்து வரும் பகுதிகளைத் தனிப்படுத்தும் குறிகள் 2013இல்தான் யூனிகோடில் சேர்ந்தன.

இதை அறியாமல் நாம் ஒரு பிழை செய்தோம். அரபு வசதியில்லாத பழைய மென்பொருளில் தேர்வுத்தாள் தயாரித்தபோது, கண்ணுக்குச் சரியாகத் தெரியட்டுமென்று ஓர் ஆயத்தின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து தட்டினோம். சில ஆண்டுகள் கழித்துப் புதிய கணினியில் அக்கோப்பைத் திறந்தோம். ஆயத் தலைகீழாக நின்றது. அல்லாஹ் மன்னிப்பானாக!

ஆகவே, திரையில் இடம் மாறித் தோன்றினால் எழுத்துகளை மாற்றாதீர்கள். பத்தியின் திசையைச் சரிசெய்யுங்கள். எண் இடம் மாறினால், ஆயத்தின் இறுதியில் இடமிருந்து வலம் காட்டும் திசைக்குறியை இடுங்கள். அச்சிடுமுன் ஹாஃபிழ் ஒருவரிடம் காட்டி ஓதச் செய்யுங்கள். திரை காட்டுவது தோற்றம். ஓதும் ஒழுங்கே மூலம்.