மணவீட்டு விருந்தினரின் நிறம்: எல்லைக்கு இருபுறமும்

இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் அடங்கும் ராமாபுரம், 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர், 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை, அவ்வூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மணவீட்டுக்குச் செல்வோர் எந்நிறத்தை உடுத்தலாம், எதனைத் தவிர்க்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஆராயப் புகுவோர்க்கு இந்த எல்லைப்புறம் நல்லதொரு தொடக்கம். ஏனெனில், இதன் இருபுறமும் அமங்கலத்தின் நிறம் ஒன்றாக இருந்ததில்லை.

கொங்கு நாட்டில் கணவனை இழந்த பெண்ணுக்கு உரியதாக விதிக்கப்பட்டது வெள்ளைச் சீலை. ஆகவே, சுமங்கலி ஒருத்தி வெள்ளை உடுத்தி மணப்பந்தலுக்குள் நுழைவது தகாதது எனக் கருதப்பட்டது. மைசூர்ப் பகுதியின் பிராமணக் குடும்பங்களிலோ, தலை மழிக்கப்பட்டு ‘மடி’ காத்த கைம்பெண்கள் உடுத்தியது கரையற்ற சிவப்புச் சேலை. மகாராட்டிரப் பிராமணரிடையிலும் இதே வழக்கம் உண்டு. அங்கு அச்சேலைக்கு ‘அல்வான்’ என்று பெயர். எம். கே. இந்திரா 1976-இல் எழுதிய ‘பணியம்மா’ என்னும் கன்னட நாவல் இத்தகைய வாழ்வொன்றையே பேசுகிறது.

இந்தச் சிவப்பு, தமிழ் மணமகள் உடுத்தும் அரக்குக் கூறையின் நிறத்துக்கு மிக அணுக்கமானது என்பதே வியப்பு. ஓர் எல்லையைக் கடந்தால் மங்கலம் அமங்கலமாகிறது. மேற்கே கேரளத்தில் சுமங்கலிகளே வெண்மையும் பொற்கரையும் கலந்த கசவு உடுத்தித் திருமணத்துக்கு வருகின்றனர். தமிழ்க் கிறித்தவரிடையே மணமகளே வெண்பட்டு உடுத்தித் தேவாலயம் ஏறுவது பரவலான வழக்கம். தமிழ் இந்து மணமகனின் வேட்டியும் வெள்ளைதான். அதன் மூலையில் சிறிது மஞ்சள் தடவினால் போதும், தீட்டு அகன்றுவிடுகிறது! ஆணின் வெள்ளைக்குக் கிடைத்த இந்த எளிய விலக்கு, கைம்பெண்ணின் வெள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவள் மஞ்சளைத் தொடுவதே மறுக்கப்பட்டிருந்தது.

எனவே, விலக்கப்பட்டது நிறமன்று, ஆள். நிறம் அந்த ஆளைத் தொலைவிலிருந்தே இனங்காண உதவிய அடையாளம். இதற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86-ஆம் பாடலில், மணமகளை நீராட்டுவோர் மகனைப் பெற்ற மகளிர் நால்வர். சடங்குக்கு உரியவர் யார் என்பது வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆனால், கூடியிருப்போரின் ஆடை நிறம் குறித்து அங்கு விதி ஏதுமில்லை. புறநானூறு 246-இல் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் கொடுமைகளை அடுக்குகிறாள்: நெய் இல்லாத உணவு, வேளைக் கீரை, பாயற்ற பரற்கல் படுக்கை. அப்பட்டியலிலும் ஆடையின் நிறம் இடம்பெறவில்லை. இவ்விரு பாடல்களின் அளவில், ஆள் குறித்த விதி நிறம் குறித்த விதிக்கு முற்பட்டதாகவே தோன்றுகிறது.

கருப்பின் கதை சற்று வேறு. சனியின் நிறம், துக்கத்தின் நிறம் என்றெல்லாம் சொல்லி விருந்தினருக்கு அது விலக்கப்படுகிறது. அதே சமூகங்கள் சிலவற்றில் முதற்கருவுற்ற பெண்ணுக்கு ‘மசக்கைக் கருப்பு’ என்று கருப்புச் சேலை எடுத்துக் கொடுப்பதும் வழக்கம். கன்னட மணமகளின் தாலியில் கோக்கப்படுவது கரிமணி; தமிழ் முசுலிம் மணமகளின் கழுத்தில் ஏறுவது கருகமணி. மணமகள் கழுத்தில் காவலாக நிற்கும் நிறம், விருந்தினரின் தோளில் மட்டும் தீமையாகிவிடுகிறது.

இந்த விலக்கை அறிந்தே மீறியோர் திராவிடர் கழகத்தார். 1945-இல் கருஞ்சட்டைப் படை அமைக்க முடிவாயிற்று. 1946 மே மாதம் மதுரையில் கூடிய கருஞ்சட்டை மாநாட்டின் பந்தல் தீக்கிரையாக்கப்பட்டது. சமூக இழிவின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட அச்சட்டையோடு தோழர்கள் மணமேடையில் வாழ்த்துரைக்க ஏறினர். சகுனம் பார்ப்போரின் கண்ணில் இதைவிடப் பெரிய அபசகுனம் இருந்திருக்க முடியாது.

ஆயினும், சட்டையைக் காட்டிலும் ஆழமான மாற்றம் சட்டத்தில் நிகழ்ந்தது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கியதாகக் கருதப்படும் சுயமரியாதைத் திருமண முறை, 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாததெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அண்ணாதுரை அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றுவது, அல்லது தாலி கட்டுவது போதுமானதாயிற்று. புரோகிதர் கட்டாயமில்லாத இம்மணத்தில் முன்னிருப்போரின் இருப்பே சான்று. அந்த முன்னிலைக்குச் சட்டம் எவ்வித மங்கலத் தகுதியையும் கோரவில்லை. வெள்ளைச் சீலையோடு வந்த அத்தையும் சட்டத்தின் முன் முழுமையான சாட்சி.

இணையவழி அழைப்பிதழ்கள் இன்று ‘வெள்ளை தவிர்க்க’ என்று குறிப்பிடுவதுண்டு. இது பெரும்பாலும் மேலைநாட்டு நாகரிகத்தின் எதிரொலி. 1840-இல் விக்டோரியா அரசி வெண்ணுடையில் மணந்த பின்னர் அங்கு வெண்மை மணமகளின் தனியுரிமையாக நிலைபெற்றது. விருந்தினர் அதில் போட்டியிடலாகாது என்பதே அவ்விதியின் பொருள். தமிழகத்தில் அதே சொற்கள் பழைய அச்சத்தின் மீது பொருந்திவிடுகின்றன. இரு காரணங்களும் நேரெதிரானவை என்பதை அழைப்பவரும் அழைக்கப்பட்டவரும் பெரும்பாலும் உணர்வதில்லை.

கைம்பெண்களுக்கான வெள்ளைச் சீலை தமிழகத்தில் பெருமளவு மறைந்துவிட்டது. கணவனை இழந்த தாய் மகனின் திருமணத்தில் பச்சையோ நீலமோ உடுத்தி வாசலில் விருந்தினரை வரவேற்கிறாள். உணவுப் பந்தியை மேற்பார்வையிடுகிறாள். தாலி வைத்த தட்டு ஆசி வேண்டிச் சுற்றி வரும் வேளையில் மட்டும், யாரும் சொல்லாமலே அவள் சற்றுப் பின்தள்ளி நின்றுகொள்கிறாள். ஆரத்தி எடுக்கச் சித்தியை அழைக்கிறார்கள்.